போர்க்கால விமானிக் கையேடுகளில் படங்கள் செய்த வேலை: ஓர் எளிய விளக்கம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிக் கையேடு என்ற குறிப்போடு சில படங்கள் அவ்வப்போது கைக்குக் கை மாறி நம்மிடம் வந்து சேர்கின்றன. விமானத்தைக் கொண்டுபோய் எதிலாவது மோதிவிட்டுத் திருதிருவென விழிக்கும் ஓர் அசட்டு விமானியும் அவன் செய்து வைத்த கோளாறுகளுமே அவற்றில் பெரும்பாலும் இருக்கும். பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். எழுத்தறிவு குறைந்த பையன்களை அவசரத்தில் படையில் சேர்த்ததால் படக்கதை போட்டுக் கற்பிக்க வேண்டியதாயிற்று என்பது ஒன்று. போரின் நடுவிலும் அவர்களுக்கு எவ்வளவு நகைச்சுவை உணர்வு பாருங்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே பிழையானவை.

அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவில் விமானிப் பயிற்சிக்குச் சேர, 1942 தொடக்கம் வரை இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு தேவைப்பட்டது. அதன் பிறகு அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டபோதும், அதற்கு ஈடாக ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. ஆகவே அந்த இளைஞர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. நகைச்சுவையைப் பொறுத்தவரை, அது எங்கிருந்து பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்ட் வரையிலான காலத்தில், எதிரியின் நிழல்கூட விழாத அமெரிக்க மண்ணிலேயே, அந்நாட்டு விமானப் படையினர் சுமார் 15,000 பேர் விமான விபத்துகளில் இறந்தார்கள். சுடப்பட்டு இறந்தவர்கள் அல்லர். சக்கரத்தை இறக்க மறந்து, மேகத்துக்குள் திசை தவறி, தாழப் பறந்து வித்தை காட்டி இறந்தவர்களும் அவர்களில் உண்டு. கேலிச்சித்திரங்களுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அந்தக் கேலிப் படங்கள் பெரும்பாலும் கையேட்டின் பக்கங்களே அல்ல. கையேடு என்ற ஒரே சொல்லால் நாம் நான்கு வெவ்வேறு பொருள்களைக் குறித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு குக்கர், நான்கு வகை அறிவு

புதிதாக வாங்கிய பிரஷர் குக்கரோடு ஒரு சிறு புத்தகம் வருகிறது. கேஸ்கெட் எது, சேஃப்டி வால்வு எங்கே, எவ்வளவு தண்ணீருக்கு மேல் ஊற்றக் கூடாது என்று அது சொல்கிறது. சமைக்கும்போது ஒவ்வொரு நாளும் நம் மனத்துக்குள் ஓடும் சிறு வரிசை ஒன்று இருக்கிறது: தண்ணீர் ஊற்றியாயிற்றா, கேஸ்கெட் இருக்கிறதா, வெயிட் போட்டாயிற்றா. மூன்றாவதாக, பருப்பு எப்படிக் குழைந்தால் சரி என்று அம்மா பக்கத்தில் நின்று கண்ணுக்கும் கைக்கும் பழக்கித் தந்தது. நான்காவது, ஆவி அடங்கும் முன் மூடியைத் திறந்து முகத்தைப் பொசுக்கிக்கொண்ட எதிர்வீட்டு அக்காவின் கதை. நான்கும் குக்கரைப் பற்றியவைதான். ஆனால் ஒன்று செய்கிற வேலையை மற்றொன்று செய்யாது.

போர்க்கால விமானிகளுக்கும் இந்த நான்கும் இருந்தன. விமானத்தின் பாகங்களையும் இயக்கு முறையையும் சொல்லும் சிறு நூலைப் பிரிட்டனில் 'பைலட்ஸ் நோட்ஸ்' என்றார்கள். இதை விமானிக் குறிப்பேடு என்று இங்கே அழைப்போம். புறப்படும் முன்பும் இறங்கும் முன்பும் உரக்கப் படித்துச் சரிபார்க்கும் வரிசை செக்லிஸ்ட். குறிப்பிட்ட ஒரு திறனைக் கண்ணுக்கும் கைக்கும் ஏற்றுவதற்காக எழுதப்பட்டவை பயிற்சி நூல்கள். செய்யக் கூடாததைச் செய்து காட்டிக் கெட்டுப்போகும் ஒருவனை நாயகனாக வைத்து வரையப்பட்டவை எச்சரிக்கைச் சித்திரங்கள். நாம் பார்த்துச் சிரிக்கும் படங்கள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. எதிர்வீட்டு அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு, இதுதான் குக்கரோடு வந்த புத்தகம் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

கோலப் புத்தகமும் விமானியறையும்

மார்கழிக்கு வரும் கோலப் புத்தகத்தில் ஒவ்வொரு கோலத்தின் மேலும் '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி' என்பதுபோல் ஒரு வரி இருக்கும். சொல்லால் சொல்லக்கூடியது அந்த ஒரு வரி மட்டுமே. கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே வளைந்து எதனோடு சேர்கிறது என்பதை எழுதிக் காட்ட முயன்றால் இரண்டு பக்கம் நீளும், கோலமும் வராது. படம் தேவைப்படுவதற்குக் காரணம் வாசகரின் எழுத்தறிவுக் குறைவு அன்று. இடத்தைப் பற்றிய செய்தியைச் சொற்கள் நன்றாகத் தாங்குவதில்லை என்பதே காரணம்.

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கான விமானிக் குறிப்பேட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் விமான அமைச்சகம் 'ஏர் பப்ளிகேஷன் 1565' என்ற வரிசை எண்ணின் கீழ், விமானம் திருத்தப்பட்டு ஒவ்வொரு புதிய வடிவம் பெறும்போதும் அதற்கென ஒரு பதிப்பாக இதை வெளியிட்டது. கையடக்கமான மெல்லிய நூல். அதில் உள்ள படங்கள் மிகவும் வறண்டவை. விமானியறையின் இடப்புறம், முன்புறம், வலப்புறம் ஆகியவற்றின் படங்கள். ஒவ்வொரு கைப்பிடிக்கும் குமிழுக்கும் முள் காட்டும் கருவிக்கும் ஒரு கோடு இழுத்து ஓர் எண். எண்களுக்கு உரிய பெயர்கள் தனியே ஒரு பட்டியலாக. சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விமானத்தில் ஓர் இருக்கைதான் உண்டு. பக்கத்தில் ஆசிரியரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க முடியாது. முதல் முறை மேலே போகும்போதே தனியாகத்தான் போக வேண்டும். எனவே விமானி தரையில் நிற்கும் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, அந்தப் படங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பழகுவார். பிறகு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, சொல்லும் கைப்பிடியின் மேல் தடுமாறாமல் கையை வைத்துக் காட்ட வேண்டும். அமெரிக்கப் படையிலும் இந்தக் கண்கட்டுச் சோதனை வழக்கத்தில் இருந்தது. காகிதத்தில் இருந்த படம் கண்ணுக்குப் போய், அங்கிருந்து விரலுக்கு வந்தது என்று இதைச் சொல்லலாம்.

தாளில் இருந்த சொற்களும் கைக்கு வசதியாக நறுக்கப்பட்டன. ஸ்பிட்ஃபயர் கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றை 'டி, எம், பி, ஃபியூவல், ஃபிளாப்ஸ், ரேடியேட்டர்' என்று ஒரு சிறு வாய்பாடாகச் சுருக்கியிருந்தார்கள். டிரிம் எனப்படும் சமன் அமைப்பு, எரிபொருள் கலவை, சுழலியின் (புரொப்பெல்லர்) கோணம், எரிபொருள் குழாய் திறப்பு, இறக்கை மடல், குளிரூட்டியின் கதவு ஆகியவற்றை அது அந்த வரிசையில் நினைவூட்டியது. தரையில் அதிக நேரம் உருண்டால் அந்த விமானத்தின் இயந்திரம் சீக்கிரம் கொதித்துவிடும். குளிரூட்டியின் கதவு வாய்பாட்டில் இடம்பெற்றதற்கு அதுவே காரணம். கணக்கு வாத்தியார் வாய்பாட்டை ராகம் போட்டுச் சொல்ல வைத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வீட்டைப் பூட்டும்போது ஓடும் பட்டியல்

ஊருக்குக் கிளம்பும்போது கேஸ் மூடியாயிற்றா, மோட்டாரை நிறுத்தியாயிற்றா, கொல்லைக் கதவு பூட்டியாயிற்றா என்று ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்வது பல வீடுகளில் வழக்கம். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் கேஸை எப்படி மூடுவது என்று தெரியும். தெரிந்தவர்கள் மறப்பார்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் அடிப்படை.

1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தின் 'மாடல் 299' என்ற புதிய நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானம் கிளம்பிய சிறிது நேரத்திலேயே செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து விழுந்து எரிந்தது. ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில், அனுபவம் மிக்க சோதனை விமானி. அவரும், உடன் சென்ற போயிங் நிறுவனத்தின் சோதனை விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள். இயந்திரத்தில் குறை ஒன்றும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால் பகுதி ஆடி உடைந்துவிடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. கிளம்பும் முன் அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். கற்றுக்குட்டி செய்த தவறாக இருந்திருந்தால் பயிற்சியைக் கூட்டியிருப்பார்கள். இவ்வளவு தேர்ந்தவர் மறந்தார் என்பதால், நினைவை நம்பாத ஒரு முறையைத் தேடினார்கள். செக்லிஸ்ட் அங்கிருந்து வழக்கத்துக்கு வந்தது. அந்த மாடல் 299 தான் பின்னர் 'பி-17' என்ற பெயரில் 12,731 விமானங்களாகக் கட்டப்பட்டது. அதில் துணை விமானி பட்டியலை வரி வரியாக உரக்கப் படிக்க, ஒவ்வொன்றும் செய்யப்பட்டதைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே போவார்கள்.

செக்லிஸ்டில் படம் கிடையாது என்பதைக் கவனிக்கவும். இருக்கவும் கூடாது. எப்படிச் செய்வது என்பதை அது கற்பிக்கவில்லை. செய்தாயிற்றா என்று மட்டும் கேட்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விமானிக் குறிப்பேட்டின் படம் 'எது எங்கே இருக்கிறது' என்பதைச் சொன்னது, செக்லிஸ்ட் 'மறந்தாயா' என்று படமின்றிக் கேட்டது. அடுத்து வருவது 'எப்படிப் பார்ப்பது' என்பதைக் கற்பித்த நூல்கள். என் கணிப்பில், படம் உண்மையாகவே தன் வேலையைக் காட்டியது இவற்றில்தான்.

கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு விமானம்

கையை முன்னால் நன்றாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விரலின் அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதாவது முப்பதுக்கு ஒன்று. ஒரு சிறிய போர் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை சுமார் 10 மீட்டர். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 அந்த அளவுதான். அது உங்களுக்கு நேர் முன்னால் 300 மீட்டரில் பறந்தால், அதுவும் முப்பதுக்கு ஒன்று. அந்த விமானம் முழுவதும் உங்கள் கட்டைவிரலுக்குப் பின்னால் மறைந்துவிடும். 600 மீட்டரில் அரை விரல்தான் தெரியும்.

இது எதற்காக என்றால், போர் விமானியின் துப்பாக்கிகள் இறக்கையில் பொருத்தப்பட்டிருந்தன. இரு பக்கத்திலிருந்தும் போகும் குண்டுகள் குறிப்பிட்ட ஒரு தொலைவில் ஒன்றுகூடும்படி அவற்றைச் சற்றே உள்நோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். பிரிட்டனில் இந்தத் தொலைவு முதலில் 400 கெஜமாக இருந்து, போர் அனுபவம் பெற்ற விமானிகளின் வற்புறுத்தலால் 250 கெஜமாகக் குறைக்கப்பட்டது. 250 கெஜம் என்பது ஏறத்தாழ 230 மீட்டர். அதைவிட வெகு தொலைவிலிருந்து சுட்டால் குண்டுகள் ஒன்றையொன்று கடந்து சிதறிப் போகும். ஆனால் பரபரப்பில் இருக்கும் மனிதனுக்கு எதிரி எப்போதும் அருகிலேயே இருப்பதுபோல் தோன்றும். கிட்டத்தில் போய்ச் சுட்டேன் என்று சத்தியம் செய்தவர்களின் விமானத்தில் துப்பாக்கியோடு சேர்ந்து இயங்கிய கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தால், அவர்கள் நினைத்ததைப் போல் இரு மடங்கு தொலைவில் சுட்டிருப்பது தெரியும்.

இதைவிடக் கடினமானது அடுத்த பகுதி. கொக்கு பறக்கும்போது உண்டிவில்லால் குறிவைக்கும் சிறுவன் கொக்கைப் பார்த்து அடிப்பதில்லை. அது போகப்போகும் இடத்தைப் பார்த்து அடிக்கிறான். குண்டும் அப்படித்தான். எதிரி விமானம் நமக்குக் குறுக்கே நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகிறது, நம் குண்டு நொடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஒரு நொடியில் எட்டில் மூன்று பங்கு ஆகும். அதற்குள் எதிரி ஏறத்தாழ 38 மீட்டர் நகர்ந்துவிடுவான். ஆகவே அவனுக்கு முன்னால், அவன் விமானத்தைப் போல் நான்கு விமானம் தள்ளி, வெற்று வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். இப்படி முன்னால் விட்டுச் சுடும் இடைவெளியை 'டிஃப்ளெக்ஷன்' என்றார்கள். தமிழில் முன்விலக்கம் எனலாம்.

இங்கே ஓர் அழகான விஷயம் இருக்கிறது. எதிரி 600 மீட்டரில் இருந்தால் குண்டுக்கு இரு மடங்கு நேரம் ஆகும். அவன் இரு மடங்கு தூரம் நகர்வான். 75 மீட்டர் முன்னால் சுட வேண்டும். ஆனால் அவ்வளவு தொலைவில் எல்லாமே பாதியாகச் சிறுத்துத் தெரிகிறது. எனவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி மாறுவதில்லை. கிட்டத்திலும் சரி, தொலைவிலும் சரி, நீட்டிய கையில் கிட்டத்தட்ட நான்கு கட்டைவிரல் அகலம்தான். இதனால்தான் குறிபார்க்கும் கண்ணாடியில் நிலையான அளவுள்ள ஓர் ஒளி வளையத்தைப் பொருத்த முடிந்தது. பிரிட்டனின் குறிநோக்கியில் வளையத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையிலான அளவு, மணிக்கு 100 மைல் வேகத்தில் குறுக்கே போகும் இலக்குக்கு விட வேண்டிய முன்விலக்கம் ஆகும். 300 மைல் என்றால் அதைப் போல் மூன்று மடங்கு.

எதிரி எப்போதும் நேர் குறுக்காகவே போவதில்லை, சாய்வாகப் போவான். அவன் போகும் திசைக்கும் நம் பார்வைக்கும் இடையே உள்ள கோணம் 30 பாகை என்றால் முழு விலக்கத்தில் பாதி போதும். 10 பாகை என்றால் ஆறில் ஒரு பங்கு. நேர் பின்னால் இருந்தால் எதுவும் வேண்டாம். கணக்கு இவ்வளவுதான், பள்ளி முக்கோணவியல். ஆனால் நொடியில் பாதி நேரத்துக்குள், உடல் இருக்கையோடு அழுந்தித் தலை கனக்கும் திருப்பத்தில், எதிரே தெரியும் கரும்புள்ளி 20 பாகைச் சாய்வில் இருக்கிறதா 40 பாகைச் சாய்வில் இருக்கிறதா என்று எந்தச் சூத்திரமும் சொல்லித் தராது. கண் சொல்ல வேண்டும்.

கண்ணைப் பழக்கும் வேலையைப் படங்கள் செய்தன. 1943-இல் பிரிட்டனின் விமான அமைச்சகம் 'பேக் தி ஹன்' என்ற பயிற்சி நூலை வெளியிட்டது. ஹன் என்பது ஜெர்மானியரைக் குறிக்கும் போர்க்கால வசைச்சொல். தொலைவையும் சாய்வுக் கோணத்தையும் கண்ணால் மதிப்பிடப் பழக்குவதே அதன் ஒரே நோக்கம். குறிப்பிட்ட தொலைவில், குறிப்பிட்ட சாய்வில் எதிரி விமானம் குறிநோக்கியின் வளையத்துக்குள் எப்படித் தெரியும் என்பது அதில் படமாக இருந்தது. இத்தகைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, சாய்வு கூடக் கூட மூக்கு எப்படி நீளுகிறது, மறுபக்க இறக்கை எப்படிச் சுருங்குகிறது என்பது கண்ணில் பதிந்துவிடுகிறது. தெருமுனையில் திரும்பும் பேருந்தின் பக்கவாட்டு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்தே அது நம்மை நோக்கி வருகிறதா, தாண்டிப் போகிறதா என்று நாம் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். அதே பழக்கம்தான் இதுவும்.

ஜெர்மனியரும் இதே பாடத்தை 1944-இல் 'ஹொரிடோ' என்ற நூலில் தங்கள் போர் விமானிகளுக்குச் சொன்னார்கள். அது கேலிப் படங்களும் வேடிக்கைச் செய்யுள்களும் கலந்தது. நூலின் முழுத் தலைப்பு 'ஃபீபெல்' என்று முடியும்; அது குழந்தைகளின் அரிச்சுவடிக்கான ஜெர்மன் பெயர். இரு தரப்பும் ஒரே வகைப் படத்துக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. பள்ளி முக்கோணவியல் யாருடைய பக்கமும் இல்லை.

1944-இல் சுழல்காட்டி (ஜைரோஸ்கோப்) பொருத்திய குறிநோக்கிகள் நேச நாட்டுப் படைகளில் பரவலாயின. எதிரி விமானத்தின் இறக்கை நீளத்தை ஒரு வட்டில் வைத்துவிட்டு, வேகக் கைப்பிடியை முறுக்கி ஒளிப்புள்ளிகளின் வளையத்தை அதன் மேல் பொருத்தினால், முன்விலக்கத்தைக் கருவியே கணக்கிட்டுக் கொடுத்தது. கண்ணுக்குக் கற்பிக்கப் பட்ட பாட்டில் பெரும் பகுதியை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டது.

சுருக்கமாக: முன்விலக்கம் என்பது குண்டு போய்ச் சேரும் நேரத்துக்குள் எதிரி நகரும் இடைவெளி. அதன் கணக்கு எளிது, மதிப்பீடு கடினம். மதிப்பீடு கண்ணின் வேலை என்பதால், அதைக் கற்பித்த நூல்களில் படமே பாடமாக இருந்தது. எழுத்து வெறும் துணை.

டில்பர்ட்டும் புரூனும்

இனி அந்த அசடனிடம் வருவோம். அமெரிக்கக் கடற்படையில் அவன் பெயர் டில்பர்ட். வரைந்தவர் ராபர்ட் ஆஸ்போர்ன், விமானி ஆகும் ஆசையோடு படையில் சேர்ந்து வரைபலகையில் உட்கார வைக்கப்பட்டவர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 2,000 டில்பர்ட் சித்திரங்கள் வந்தன. அவை பெரும்பாலும் சுவரொட்டிகள். பயிற்சித் தளங்களின் சுவர்களில் தொங்கியவை. ஆஸ்போர்ன் படம் வரைந்த சிறு வெளியீட்டு வரிசை ஒன்றும் இருந்தது. ஆக்சிஜன், பாராசூட் என்று ஒரு பொருளுக்கு ஒரு வெளியீடு. 1943-இல் வந்த ஒன்று, ஊர்க்காரர்களுக்கு வித்தை காட்டுவதற்காகக் கூரையை உரசும்படி தாழப் பறக்கும் பழக்கத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு பேசியது.

பிரிட்டனின் அசடன் பைலட் ஆபீசர் பெர்சி புரூன். அரச விமானப்படையின் 'டீ எம்' என்ற மாதப் பயிற்சி இதழில் 1941 முதல் 1946 வரை வந்தான். பில் ஹூப்பர் வரைந்தார், ஆண்டனி ஆம்ஸ்ட்ராங் ஆசிரியராக இருந்தார். அந்தப் படையின் கொச்சையில் 'விரலை வெளியே எடு' என்றால் அசட்டையை விட்டு விழித்துக்கொள் என்று பொருள். அதை வைத்து, அந்த இதழ் மாதந்தோறும் 'எடுக்க முடியாத விரல்' என்ற பெயரில் ஒரு விருதை அறிவித்தது. உண்மையாகவே யாரோ எங்கோ செய்து வைத்த மடத்தனத்துக்கான விருது அது.

இந்தச் சித்திரங்கள் எதையும் கற்பிக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தாழப் பறக்கக் கூடாது என்பது அந்த இருபது வயது இளைஞனுக்குத் தெரியும். விதிப்புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவன்தான். தெரிந்தும் செய்கிறான், ஏனென்றால் அது வீரம் என்று நினைக்கிறான். அவனிடம் ஆபத்து, மரணம் என்று சொல்லிப் பயனில்லை; ஆபத்தைத் தேடித்தான் அவன் விமானப்படைக்கே வந்திருக்கிறான். அது அசட்டுத்தனம் என்று காட்டினால் மட்டும் கூசுவான். தன் கூட்டாளிகள் உணவுக்கூடத்தில் தன்னை 'டில்பர்ட்' என்று கூப்பிடுவதை அவன் தாங்கமாட்டான். ஊரில் ஒருவனுக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அது எவ்வளவு காலம் கூட வரும் என்பது நமக்குத் தெரியாததா? கூடவே இன்னொரு நன்மையும் இருந்தது. உண்மையாகவே தவறு செய்த ஒருவரின் பெயரைச் சொல்லி அவமதிக்காமல், எல்லாப் பழியையும் கற்பனை மனிதன் தலையில் போட முடிந்தது.

அந்தப் பெயர் காகிதத்தோடு நிற்கவும் இல்லை. கடலில் விழுந்த விமானம் தலைகீழாக மூழ்கும்போது வெளியேறப் பழக்குவதற்காக, நீச்சல் குளத்துக்குள் சரிந்து கவிழும் ஒரு விமானியறைக் கூண்டைக் கடற்படை அமைத்தது. அதற்கு 'டில்பர்ட் டங்கர்' என்றே பெயர் வந்தது. மூழ்குபவன் டில்பர்ட் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

படத்தால் தீராத தவறு

டில்பர்ட் முறைக்கு ஒரு குறை உண்டு. அந்தச் சித்திரங்களை ரசிப்பவர்கள் அதைப் பேசுவதில்லை. ஒவ்வொரு விபத்திலும் ஓர் அசடன் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டால், அசடன் அல்லாதவர்களும் அதே தவற்றைச் செய்வது ஏன் என்ற கேள்வி எழுவதில்லை.

பி-17 போன்ற சில விமானங்கள் ஒழுங்காகத் தரையிறங்கி ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போது, விமானிகள் இறக்கை மடல்களை மேலே எடுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை மேலே எடுத்து, விமானத்தை வயிற்றோடு தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இறக்கை மடல் என்பது மெதுவாகப் பறப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் தகடு. இறங்கிய பின் அதை மேலே எடுப்பது வழக்கமான வேலை. 1943-இல் ரைட் ஃபீல்டில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் விமானியறையைப் போய்ப் பார்த்தார். மடலுக்கும் சக்கரத்துக்கும் உரிய விசைகள் ஒன்றுபோல இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவ்வளவுதான் விஷயம். சி-47 சரக்கு விமானத்தில் அவை வேறு வேறு இடங்களில் வேறு வேறு வகையில் இயங்கின. அதன் விமானிகள் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. சி-47 விமானிகள் மட்டும் அறிவாளிகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

போருக்குப் பின் 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் 'விமானியின் தவறு' என்று பெயர் பெற்ற 460 நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி, ஒரு கைப்பிடிக்குப் பதிலாக இன்னொன்றை இழுத்ததால் வந்தவை. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேகம், சுழலி, எரிபொருள் கலவை என்ற மூன்று கைப்பிடிகளும் பி-25 விமானத்தில் இடமிருந்து வலமாக இதே வரிசையில் இருந்தன. சி-47 விமானத்தில் சுழலி முதலிலும் வேகம் நடுவிலும் இருந்தன. சி-82 விமானத்தில் கலவை முதலில் வந்தது. ஒரு காரில் பிரேக் நடுவிலும், இன்னொரு காரில் அது வலது ஓரத்திலும் இருந்தால் நாமும் டில்பர்ட்டுகள்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு விரலுக்குப் பழக்கிய பாடமே, விமானம் மாறியதும் அந்த விரலைத் தவறான கைப்பிடிக்கு அழைத்துச் சென்றது.

இதற்குச் சுவரொட்டி வரைந்து பயனில்லை. சாப்பனிஸ் கண்ட வழி, சக்கர விசையின் முனையில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும், மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டையும் பொருத்துவது. இருட்டிலும், களைப்பிலும், பார்வையை ஓடுபாதையிலிருந்து எடுக்க முடியாத நேரத்திலும் விரல் தொட்டதுமே எது எது என்று தெரிந்துவிடும். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகள், சக்கரக் கைப்பிடியின் முனை சக்கர வடிவிலும் மடல் கைப்பிடியின் முனை இறக்கைத் துண்டு வடிவிலும் இருக்க வேண்டும் என்று படம் போட்டே இன்றும் சொல்கின்றன.